உலோகம் உருக்கும் கேஸ் பர்னர்: குறை பெரும்பாலும் காற்றில்தான்

நான் முதலில் செய்த பர்னரின் சுடர் பார்க்க அழகாக இருக்கும். உலை வாயிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு மஞ்சளாக எழும்பி ஆடும். உள்ளே மூசையில் (உலோகத்தை உருக்கும் கிண்ணத்தில்) போட்ட அலுமினியத் துண்டுகளோ முக்கால் மணி நேரம் கழித்தும் ஓரம் மழுங்கிக் கிடக்குமே தவிர உருகாது. கேஸ் போதவில்லை போலிருக்கிறது என்று ரெகுலேட்டரை இன்னும் திறந்தேன். சுடர் இரண்டு முழமானது. அலுமினியம் அப்படியே இருந்தது. பிறகு ஒருநாள் ஜெட்டை, அதாவது கேஸ் சீறிவரும் துளையுள்ள முனையை, கழற்றிவிட்டு, அதைவிடச் சிறிய துளையுள்ள ஒன்றை மாட்டினேன். வெளியே ஆடிக்கொண்டிருந்த சுடர் உள்ளே அடங்கியது. சீரான ஒரு இரைச்சல் கேட்டது. சுவர் கருஞ்சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு வந்தது. இருபது நிமிடத்தில் மூசையில் உலோகம் குளம்போல நின்றது.

துளையைச் சிறிதாக்கினால் சூடு கூடுமா? கூடும். ஏன் என்று புரிந்துகொண்டால், உலை பர்னரைச் சீர்செய்வதில் பாதிக்கு மேல் புரிந்துவிடும். அதனால் அதையே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. சிலிண்டர் கேஸில் இருப்பவை புரொப்பேனும் பியூட்டேனும். புரொப்பேன் முழுமையாக எரிய, ஒரு பங்கு கேஸுக்கு ஐந்து பங்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே ஒரு லிட்டர் கேஸுக்கு ஏறக்குறைய 24 லிட்டர் காற்று தேவை. பியூட்டேன் இன்னும் அதிகமாகக் கேட்கும். அதற்கு 31 லிட்டர். கேஸ் பர்னர் என்று பெயர் வைத்திருக்கிறோமே ஒழிய, அந்தக் குழாய் வழியாகப் போவதில் 96 சதவீதம் காற்றுதான்.

இந்த விகிதம் சரியாக அமைந்தால், புரொப்பேன் சுடர் கோட்பாட்டளவில் 1,980 டிகிரி செல்சியஸ் வரை போகும். அலுமினியம் உருக 660 டிகிரி போதும். பித்தளைக்கு 900-ஐ ஒட்டி வேண்டும். செம்பு 1,085 டிகிரியில் உருகும். அதாவது சாதாரண சிலிண்டர் கேஸிலேயே செம்பு வரை உருக்கத் தேவையான சூடு தாராளமாக இருக்கிறது. அது கிடைக்காமல் போவதற்குக் காரணம் இரண்டு. காற்று குறைந்தால் கேஸின் ஒரு பகுதி எரியாமலேயே உலையை விட்டு வெளியேறி, வாசலில் வெளிக்காற்றைச் சந்தித்து அங்கே எரிகிறது. நான் ரசித்துப் பார்த்த மஞ்சள் சுடர் அதுதான். மூசைக்குப் போயிருக்க வேண்டிய சூடு. காற்று அதிகமானாலும் நஷ்டம்தான். எரிதலில் பங்கெடுக்காத நைட்ரஜனும் மிச்ச ஆக்சிஜனும் சும்மா உள்ளே வந்து, சூடேறி, அந்தச் சூட்டோடு வெளியே போய்விடும். தேவையைப்போல் இரண்டு மடங்கு காற்று விட்டால் சுடரின் வெப்பநிலை 1,250 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும்.

காற்று எப்படி உள்ளே வருகிறது?

பிளோயர் இல்லாத பர்னரில் காற்றை யாரும் தள்ளுவதில்லை. ஜெட்டின் நுண்துளையிலிருந்து மிக வேகமாகச் சீறும் கேஸ், தன்னைச் சுற்றியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் பாய்கிறது. வேகமாகப் போகும் பேருந்தின் பின்னால் சாலையோரச் சருகு இழுபட்டு ஓடுமே, அதுபோல. ஜெர்மன் வேதியியலாளர் ராபர்ட் பன்சன் 1855 வாக்கில் தன் ஆய்வகத்துக்காக உருவாக்கிய விளக்கிலும் இதே வேலைதான் நடந்தது: கேஸ் தன் வேகத்தாலேயே காற்றை இழுத்து, குழாய்க்குள் கலந்து, முனையில் வந்து எரிந்தது. உலை பர்னர் அதன் முரட்டுத் தம்பி.

காற்றை இழுப்பது கேஸின் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இழுப்பது அதன் வேகம். துளை பெரிதாக இருந்தால் நிறைய கேஸ் வரும், ஆனால் அந்தக் கேஸுக்கு ஏற்ற அளவு காற்றை இழுக்கும் திறன் கூடவே வளராது. துளையைச் சிறிதாக்கினால் கேஸ் குறையும். வந்த ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் காற்றின் பங்கு கூடும். குறைந்த கேஸை அழுத்தத்தைக் கூட்டி ஈடுகட்டிக்கொள்ளலாம்.

சரி, பெரிய துளையை வைத்துக்கொண்டே அழுத்தத்தைக் கூட்டினால் ஆகாதா? ஆகாது. அழுத்தம் கூடும்போது கேஸும் கூடுகிறது, அது இழுக்கும் காற்றும் கூடுகிறது. இரண்டுக்கும் இடையிலான விகிதம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். தப்பான விகிதத்தில் கூடுதலாக எரிப்போம், அவ்வளவுதான். என் சுடர் ஒரு முழத்திலிருந்து இரண்டு முழமானது இதனால்தான்.

விகிதத்தை முடிவு செய்வது ஜெட் துளைக்கும், கேஸும் காற்றும் கலந்து ஓடும் கலவைக் குழாய்க்கும் உள்ள அளவு வித்தியாசம். புரொப்பேனுக்குக் குழாயின் உள்விட்டம், துளை விட்டத்தைப்போல் 20 மடங்கு அல்லது அதற்குச் சற்று மேலே இருந்தால் ஏறக்குறைய சரியாக வரும். முக்கால் அங்குலக் குழாய் என்றால் உள்விட்டம் சுமார் 20 மில்லிமீட்டர். அதற்கு 1 மி.மீ துளை மேல் எல்லை, 0.9 இன்னும் நல்லது. பியூட்டேன் கலந்த கேஸாக இருந்தால் அது கேட்கும் காற்று அதிகம் என்பதால் துளையை இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். 1 மி.மீ-க்கும் 0.8-க்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் கேஸ் போகும் வழி, துளையின் பரப்பைப் பொறுத்தது, 0.8 மி.மீ துளையின் பரப்பு 1 மி.மீ துளையினுடையதில் 64 சதவீதம்தான். ஜெட்டை மாற்றும்போது 0.1 மி.மீ என்பது பெரிய அடி என்று நினைவிருக்கட்டும்.

ஜெட்டாகப் பலர் பயன்படுத்துவது மிக் வெல்டிங் துப்பாக்கியின் செம்பு முனை. மலிவு, எளிதில் கிடைக்கும், நீளமான நேர்த்துளை என்பதால் கேஸ் சிதறாமல் கோடு பிடித்ததுபோல வரும். நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதன்மேல் பொறித்திருக்கும் எண், வெல்டிங் கம்பியின் தடிமன். கம்பி வழுக்கிச் செல்ல இடம் வேண்டுமே, அதனால் உண்மையான துளை அந்த எண்ணைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கும். துரப்பணக் குச்சியின் பின்பக்கத்தை நுழைத்துப் பார்த்து அளந்துகொள்வது நல்லது.

ஜெட் நேராகப் பார்க்கிறதா?

துளை சரியாக இருந்தும் பர்னர் தடுமாறினால் நான் அடுத்துப் பார்ப்பது இதைத்தான். ஜெட் குழாயின் நடு அச்சிலிருந்து கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், சீறும் கேஸ் ஒரு பக்கச் சுவரில் உரசும்; வேகம் அங்கேயே செத்துவிடும். ஒரு பக்கம் கேஸ் அதிகம், மறுபக்கம் காற்று அதிகம் என்று கலவை இரண்டாகப் பிரிந்துவிடும். சுடரில் ஒரு ஓரம் நீலமாகவும் மறு ஓரம் மஞ்சளாகவும் தெரிந்தால் இதைச் சந்தேகப்படலாம்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. பர்னரை உலையிலிருந்தும் சிலிண்டரிலிருந்தும் முழுக்கப் பிரித்து, கேஸ் வரும் வழியில் தண்ணீர்க் குழாயை மாட்டி மெதுவாகத் திறக்க வேண்டும். ஜெட்டிலிருந்து தண்ணீர் மெல்லிய கம்பிபோல வரும். அந்தக் கம்பி கலவைக் குழாயின் மறுமுனையில் நடுவிலிருந்து வெளியே வந்தால் ஜெட் நேர். சுவரில் பட்டுச் சொட்டினால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கையோடு தெரிந்துவிடும். நான் செய்து பார்த்தபோது தண்ணீர் நேராக வராமல் விசிறிபோல விரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்ததில், துளையின் விளிம்பில் தலைமுடி அளவு பிசிறு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நுண்ணிய உப்புத்தாளில் முனையை இரண்டு தேய்ப்பு தேய்த்ததும் கம்பி நேரானது. சோதனை முடிந்த பிறகு ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் காயவைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும்.

அடுத்தது காற்று நுழையும் வாய். பக்கவாட்டில் நாலைந்து சின்ன ஓட்டை போட்டுவிட்டுக் காற்று வரவில்லை என்று அலுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வாயின் மொத்தத் திறப்பு, கலவைக் குழாயின் குறுக்குப் பரப்பைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். புனல்போல அகலமாகத் தொடங்கிக் குழாய்க்குள் வழவழவென்று குறுகினால் இன்னும் நல்லது. பெரிய குழாயைச் சிறிய குழாயோடு இணைக்கும் ரெடியூசரே இந்த வேலையைச் செய்துவிடும். விளிம்பில் இருக்கும் கூரான படிகளை அரத்தால் ராவி உருட்டிவிடுங்கள். ஜெட்டின் முனை இந்தப் புனலின் குறுகலான இடத்துக்கு எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பதும் முக்கியம். ஜெட்டை முன்னும் பின்னும் நகர்த்தி ஒரு திருகால் பூட்டும்படி அமைத்துவிட்டால், பர்னர் எரியும்போதே கேட்டுக்கேட்டுச் சரிசெய்யலாம். வாயை ஓரளவு மூடித் திறக்க ஒரு தகட்டு வளையமும் இருந்தால் காற்று மிகும்போது குறைக்க வசதி.

கலவைக் குழாயின் நீளத்துக்கு நடைமுறையில் உள்ள கணக்கு, உள்விட்டத்தைப்போல் 8 அல்லது 9 மடங்கு. 20 மி.மீ குழாய்க்கு 160 முதல் 180 மி.மீ. இதைவிடக் குட்டையாக இருந்தால் கலப்பதற்குள் முனை வந்துவிடும். ரொம்ப நீளமானால் உராய்வு காற்றை இழுத்துப் பிடிக்கும். வளைவு வேண்டவே வேண்டாம். துத்தநாகம் பூசிய குழாயையும் தவிர்த்துவிடுங்கள். சூட்டில் அந்தப் பூச்சு புகையாக வரும், மூச்சுக்கு ஆகாது. பூச்சில்லாத கறுப்பு இரும்புக் குழாய் போதும்.

சுடர் ஏன் ஓடிப்போகிறது?

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. புரொப்பேனும் காற்றும் கலந்த கலவைக்குள் நெருப்பு பரவும் இயல்பான வேகம், அமைதியான நிலையில் வினாடிக்கு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். நாம் ஆற அமர நடக்கும் நடையைவிட மெது. ஆனால் 1 மி.மீ ஜெட்டை 1 பார் அழுத்தத்தில் வைத்தால், 20 மி.மீ குழாயில் கலவை வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நெருப்பு முன்னேறும் வேகத்தைப்போல் அது கிட்டத்தட்ட 40 மடங்கு. அப்படியானால் சுடர் எப்படிக் குழாய் முனையில் நிற்கும்? நிற்காது. வெறும் குழாய் முனையில் பற்றவைத்தால் சுடர் எம்பி, விலகி, பட்டென்று அணைந்துவிடும்.

அதைப் பிடித்து நிறுத்துவதற்குத்தான் முனையில் ஒரு விரிவு. குழாயைவிடச் சற்றுப் பெரிய வளையம் ஒன்றைச் செருகி ஒரு படி உண்டாக்கினால், அந்தப் படியின் ஓரத்தில் சுழல் உருவாகும். ஆற்றின் வேகமான ஓட்டத்தில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று நிற்கிறதல்லவா, அதே மாதிரி. அந்தச் சுழலில் எரிந்த சூடான வாயு சிக்கிக்கொண்டு, புதிதாக வரும் கலவையை ஓயாமல் பற்றவைத்துக்கொண்டே இருக்கும். படிக்குப் பதிலாகப் படிப்படியாக விரியும் முனையும் வைக்கலாம், 12 மி.மீ நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ கூடுகிற மென்மையான விரிவு வழக்கத்தில் உள்ளது. உலைக்குள் பர்னரைச் செருகும்போது, உலைச்சுவரின் துளையே இந்த விரிவாக வேலை செய்யும். குழாய் முனையை உட்சுவரிலிருந்து சில சென்டிமீட்டர் உள்வாங்கி வைத்தால் சுடர் அந்தத் துளைக்குள்ளேயே நங்கூரம் போட்டுக்கொள்ளும், இரும்பு முனையும் உருகிச் செதிலாக உதிராது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. அழுத்தத்தை ரொம்பக் குறைத்தாலோ, குழாய் சூடேறிப் போனாலோ, நெருப்பு கலவையைவிட வேகமாகிக் குழாய்க்குள் பின்னோக்கி ஓடிவந்து ஜெட்டருகே எரியத் தொடங்கும். சத்தம் மாறும்: சீரான இரைச்சல் போய், படபடவென்று அடிக்கும். அப்படிக் கேட்டால் உடனே கேஸை அடைத்துவிடுங்கள். குழாய் ஆறிய பிறகுதான் மறுபடி பற்றவைக்க வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம். பர்னரை வெளியே பிடித்துப் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். வெளியே தடுமாறுகிற பர்னர், சுவர் சிவந்த உலைக்குள் அமைதியாக எரியும். வெளியே வாளைப்போல நேர்த்தியாக எரிந்தது, உள்ளே போனதும் மூச்சுமுட்டும். காரணம் பின்னழுத்தம். காற்றைத் தானாக இழுக்கும் பர்னருக்குத் தள்ளும் பலம் குறைவு. உலையின் மேல்மூடித் துளை சிறிதாக இருந்தால் எரிந்த வாயு வெளியேற முடியாமல் உள்ளே அழுத்தம் ஏறி, புதுக் காற்று வருவதே குறைந்துவிடும். பர்னர் மோசம் என்று எடுத்தெறியும் முன் மூடியை இரண்டு விரல் நகர்த்திப் பாருங்கள். சத்தமும் நிறமும் உடனே தேறினால் நோய் பர்னரில் இல்லை, மூடியில்.

பர்னரை எந்தப் பக்கம் பார்க்கவைப்பது என்பதும் கிட்டத்தட்ட அதே அளவு முக்கியம். சுடர் மூசைமேல் நேராக மோதக் கூடாது. அடிப்பகுதியில், மூசை உட்காரும் பீடத்தின் உயரத்தில், சுவரை ஒட்டினாற்போல் சாய்த்து நுழைத்தால் சுடர் மூசையைச் சுற்றிச் சுற்றி மேலேறும். வழி நீளமாவதால் எரிந்து முடிக்க நேரம் கிடைக்கும், மூசையும் ஒரே இடத்தில் தின்னப்படாமல் இருக்கும்.

கண்ணும் காதும் சொல்வது

நல்ல சுடரில் உள்ளே கூரான வெளிர்நீலக் கூம்பு ஒன்று தெரியும், அதைச் சுற்றி மங்கிய நீலம். மூடித் துளையில் கை நீளத்துக்கு மஞ்சள் நாக்கு நீட்டினால் காற்று குறை. மூசையின் வெளிப்புறம் கரி படிந்தாலும் அதேதான். துளையில் ஒன்றுமே தெரியாமல், உலை கரகரத்துக்கொண்டு, சுவர் எதிர்பார்த்த நிறத்துக்கு ஏற மறுத்தால் காற்று மிகை. ஒரு சின்ன நீலச்சாயல் துளையை ஒட்டி மினுக்கினால் சரியான இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். தூசி எரிந்தாலும், புது உலைச்சுவரிலிருந்து துகள் பறந்தாலும் ஆரஞ்சுப் பொறிகள் தெரியும். அவற்றைக் கண்டு ஜெட்டை மாற்ற ஓட வேண்டாம்.

அலுமினியத்துக்கு நான் ஒரு மயிரிழை காற்று மிகையாகவே வைப்பேன். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனைக் கரைத்துக்கொள்ளும். உறையும்போது அதை வெளிவிட்டு வார்ப்பில் ஊசித்துளைகளை உண்டாக்கும். எரியாத கேஸ் மிதக்கும் உலையில் அந்தத் தொல்லை கூடும்.

சிலிண்டர் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். வீட்டு அடுப்புக்கான ரெகுலேட்டர் 0.03 பார் அளவில்தான் தரும். அந்த அழுத்தத்தில் ஜெட்டுக்கு வேகமே வராது. 0 முதல் 2 பார் வரை திருகிச் சரிசெய்யக்கூடிய உயரழுத்த ரெகுலேட்டரும், அதற்கென்றே உள்ள குழாயும் வேண்டும். 1 மி.மீ ஜெட் 1 பாரில் மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் கேஸ் குடிக்கும். அவ்வளவு திரவம் ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்து, வெளியே பனி பூத்து, அழுத்தம் இறங்கிவிடும். பாதியில் உலை சோர்ந்துபோவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். பெரிய சிலிண்டர் வைப்பதுதான் இதற்கு வழி. நெருப்பு காட்டிச் சூடாக்க நினைக்கவே கூடாது.

இவ்வளவு செய்தும் போதவில்லை என்றால் பிளோயருக்குப் போகலாம். மின்விசிறி காற்றைத் தள்ளுவதால் பின்னழுத்தம் ஒரு பொருட்டே இல்லை, காற்றையும் கேஸையும் தனித்தனியாகத் திருகலாம், ஜெட்டின் நுணுக்கங்கள் பலவும் தேவைப்படாது. வெண்கலம், வார்ப்பிரும்பு என்று மேலே போக விரும்புகிறவர்களுக்கு அதுவே வசதி. ஆனால் மின்சாரம் நின்றால் காற்று நிற்கும், கேஸ் நிற்காது. மின்சாரம் போனதும் தானாக அடைத்துக்கொள்ளும் சோலனாய்டு வால்வு இல்லாமல் அதை அமைக்கக் கூடாது. அணைக்கும்போது முதலில் கேஸ், பிறகுதான் காற்று.

இன்னொரு பக்கமும் இருக்கிறது: வீணாகும் சூடு. ஒரு கிலோ அலுமினியத்தை அறைவெப்பத்திலிருந்து உருக்கித் தீர்க்கச் சுமார் 1.1 மெகாஜூல் போதும். கணக்குப்படி 24 கிராம் புரொப்பேன். நடைமுறையில் அதைப்போல் பல மடங்கு செலவாகிறது. 1,000 டிகிரியில் வெளியேறும் புகையே கேஸின் சூட்டில் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொண்டு போகிறது, மிச்சத்தில் ஒரு பங்கு சுவர் வழியாகக் கசிகிறது. அந்தப் புகையின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் யோசனைக்கு ஜெர்மன் பொறியாளர் ஃபிரெடெரிக் சீமன்ஸ் 1856-இலேயே காப்புரிமை வாங்கினார். சிறிய உலையில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சுவருக்கு 25 மி.மீ செராமிக் இழைப்போர்வை இரண்டு அடுக்கு வைத்து, இழை பறக்காதபடி மேலே பூச்சும் பூசினால், எந்த ஜெட் மாற்றத்தையும்விடப் பெரிய பலன் சில நேரம் அதிலேயே கிடைத்துவிடும். அந்த இழைத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் இல்லாமல் வெட்டாதீர்கள்.

பற்றவைக்கும் முன் எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் திறந்த இடத்தில்தான் உலை. காற்று குறைந்த சுடர் தரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூக்கை நம்ப முடியாது. பற்றவைக்கும்போது முதலில் உலைக்குள் எரியும் காகிதம், அப்புறம் கேஸ். வரிசை மாறினால் உள்ளே தேங்கிய கேஸ் ஒரேயடியாகப் பற்றும். வேலை முடிந்து கேஸை அடைத்ததும் பர்னரை உருவி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் உலையின் சூடு அந்தக் குழாய் வழியே புகைபோக்கிபோல ஏறி ஜெட்டையும் ரப்பர் குழாயையும் வேகவைக்கும்.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். இன்று ஜெட், நாளை காற்று வாய், மறுநாள் முனை. ஒவ்வொரு முறையும் அதே மூசையில் அதே ஒரு கிலோ அலுமினியத்தைப் போட்டு, குளிர்ந்த உலையிலிருந்து உருகி முடிய எத்தனை நிமிடம், எவ்வளவு அழுத்தம், சிலிண்டரின் எடை எத்தனை கிராம் குறைந்தது என்று எழுதிவையுங்கள். என் நோட்டில் முதல் வரியில் நேரத்துக்கு எதிரே ‘உருகவில்லை’ என்று இருக்கிறது. நாலாவது வரியில் ‘20 நிமிடம், 0.8 ஜெட்’.